அயர்லாந்து வேர் தேடல்: எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்த்து எடுப்போம்

பாஸ்டனிலோ சிட்னியிலோ வாழ்ந்த ஐரிஷ் கொள்ளுத்தாத்தா வரைக்கும் தேடல் சுலபமாகப் போய்விடும். கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பெயர், கல்லறை எல்லாம் கிடைக்கும். அங்கிருந்து கடலைத் தாண்டி அயர்லாந்துக்குள் போகலாம் என்று கிளம்பும்போதுதான் முட்டிக்கொண்டு நிற்கும். முட்டுகிற காரணங்கள் ஒரு பத்துதான், எல்லாருக்கும் திரும்பத் திரும்ப அதேதான் வருகிறது. அதனால் உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள், வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. முதலாவதை மட்டும் எல்லாரும் படித்துவிடுவது நல்லது.

"பிறந்த இடம் அயர்லாந்து என்று மட்டும் போட்டிருக்கிறது"

பெரும்பாலானவர்கள் நிற்கும் இடம் இது. அமெரிக்காவில் 1820 முதல் கப்பல் பயணிகள் பட்டியல் இருக்கிறது, ஆனால் அந்தக் காலப் பட்டியல்களில் நாட்டுப் பெயருக்கு மேல் எழுத யாரும் மெனக்கெடவில்லை. 1906க்கு முந்தைய குடியுரிமைப் பத்திரங்களும் பெரும்பாலும் அப்படித்தான். இந்த நிலையில் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஐரிஷ் பதிவேடுகளில் இறங்கினால் ஏதோ ஒரு பாட்ரிக் மர்ஃபி கண்டிப்பாகக் கிடைப்பார், அவர் உங்கள் ஆளாக இருக்க மாட்டார். கவுன்ட்டி, அதாவது நம் ஊர் மாவட்டம் மாதிரியான பிரிவு, அதன் பெயர் தெரிந்தாலும் போதாது. டவுன்லேண்ட் வேண்டும், குறைந்தபட்சம் பங்குக் கோயில் (அந்தப் பகுதிக்கான கிறிஸ்தவக் கோயில்) எது என்றாவது தெரிய வேண்டும். டவுன்லேண்ட் என்பது நகரம் இல்லை, அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு. சராசரியாக முந்நூறு ஏக்கர் சொச்சம் இருக்கும், நாடு முழுக்க 60,000க்கு மேல் இருக்கின்றன. குடும்பங்கள் எல்லாம் இந்தப் பெயரோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன.

அந்தப் பெயர் அயர்லாந்தில் கிடைக்காது, ஆள் போய் இறங்கிய நாட்டில்தான் கிடைக்கும். அதனால் கடலைத் தாண்டாமல் இந்தப் பக்கமே இன்னும் கொஞ்சம் தோண்டுங்கள். முதலில் கல்லறைக் கல், அடுத்து இறப்புச் செய்தி, அப்புறம் கோயிலில் நடந்த கல்யாணப் பதிவு. அரசுக் கல்யாணப் பதிவில் வெறும் அயர்லாந்து என்று போட்டிருந்தாலும், அமெரிக்கக் கத்தோலிக்கக் கோயிலின் பதிவேட்டில் சில பாதிரியார்கள் பங்கின் பெயர் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் இருந்தவர் என்றால் 1850இல் தொடங்கிய எமிக்ரன்ட் சேவிங்ஸ் பேங்க் பதிவேடுகளை விட்டுவிடாதீர்கள், அவை இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. பணம் எடுக்க வருகிறவர் அசல் ஆள்தானா என்று சோதிக்க, கணக்கு தொடங்கும்போதே வங்கி ஒரு புத்தகத்தில் விவரம் எழுதி வைத்துக்கொண்டது: பிறந்த ஊர், அப்பா அம்மா பெயர், கூடப் பிறந்தவர்கள் எங்கே, எந்தக் கப்பலில் எந்த வருஷம் வந்தார் என்று. வங்கி தன் பாதுகாப்புக்காகக் கேட்ட கேள்விகள், இன்று நமக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. பாஸ்டனில் வந்த 'பைலட்' பத்திரிகை 1831இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் காணாமல் போன உறவினரைத் தேடும் விளம்பரங்களைப் போட்டது. இன்ன கவுன்ட்டி, இன்ன பங்கைச் சேர்ந்த இன்னார் கடைசியாக இந்த ஊரில் ரயில் பாதை வேலையில் இருந்தார், தங்கை தேடுகிறாள் என்கிற மாதிரி.

ஆஸ்திரேலியா போனவர் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். விக்டோரியாவில் 1853 முதலும், நியூ சவுத் வேல்ஸில் 1856 முதலும் அரசு இறப்புப் பதிவு இருக்கிறது. அதில் அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த இடம், அந்தக் காலனியில் எத்தனை வருஷம் இருந்தார் என்பதெல்லாம் கேட்கப்பட்டது. சொன்னவர் மருமகனாக இருந்தால் பாதி தப்பாக இருக்கலாம், அது வேறு விஷயம்.

உங்கள் நேர் வழி ஆளிடம் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரையும் இதே மாதிரி தேடுங்கள். கல்யாணமே ஆகாமல் தம்பி வீட்டில் இருந்து செத்துப்போன ஒரு அத்தையின் கல்லறையில் முழு விலாசமும் இருக்கும். யாரும் அவளைத் தேடுவதில்லை.

"பயணிகள் பட்டியலில் ஆளே இல்லை"

இல்லாமல் போவதுதான் இயல்பு என்று முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். 1801 முதல் 1922 வரை அயர்லாந்து ஐக்கிய ராஜ்யத்தின் ஒரு பகுதி. டப்ளினிலிருந்து லிவர்பூல் போவது உள்நாட்டுப் பயணம், யாரும் பெயர் எழுத மாட்டார்கள். இங்கிலாந்திலோ ஸ்காட்லாந்திலோ குடியேறியவருக்குக் கப்பல் பட்டியலைத் தேடுவது வீண் வேலை. பிரிட்டிஷ், ஐரிஷ் துறைமுகங்களிலிருந்து வெளிநாடு புறப்பட்டவர்களின் பட்டியலும் 1890 முதல்தான் இருக்கிறது. அமெரிக்கா போனவர்களிலும் ஏராளமானவர்கள் லிவர்பூலில்தான் கப்பல் ஏறினார்கள், அதனால் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தையே குறிவைத்துத் தேடாதீர்கள்.

இன்னொரு வழி கனடா. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்தில் கியூபெக்குக்குக் கட்டணம் குறைவு. அங்கே இறங்கித் தெற்கே நடந்தே அமெரிக்காவுக்குள் போனவர்கள் உண்டு. கனடா எல்லையைக் கடந்தவர்களை அமெரிக்கா பதிவு செய்ய ஆரம்பித்தது 1895இல்தான், ஆகவே அதற்கு முன் அப்படி வந்தவருக்குத் தடயம் இருக்காது. 1847இல் கியூபெக் அருகே குரோஸ் ஈல் தீவின் தனிமை முகாமிலேயே ஆயிரக்கணக்கானவர்கள் புதைக்கப்பட்டார்கள். பெற்றோர் இல்லாமல் பிள்ளைகள் மட்டும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்தால் அங்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார், அதனால்தான் கிடைக்கவில்லை" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அந்தக் கதையை நம்பித் தேடலை விட்டுவிடாதீர்கள். எல்லிஸ் தீவு என்பது நியூயார்க் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களைச் சோதித்த இடம். பட்டியலை எழுதியது புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் கம்பெனி குமாஸ்தா. தீவில் இருந்தவர்கள் அதைப் பார்த்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர் பெரும்பாலும் பிற்பாடு குடியேறியவர்களே மாற்றிக்கொண்டது. அது போக, எல்லிஸ் தீவு திறந்ததே 1892 ஜனவரி 1இல். பஞ்சத்துக்கு ஓடி வந்த ஆள் அந்த வழியாக வந்திருக்கவே முடியாது.

1907க்குப் பிறகு போனவர் என்றால் நிலைமை தலைகீழ். பட்டியலில் ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் விலாசமும் இருக்கும். இரண்டு பக்கம் வரும், இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் விட்டவர்கள் நிறைய.

"ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டது, வரைபடத்தில் இல்லை"

நல்ல சிக்கல், சீக்கிரம் தீரும். முதலில் அது கவுன்ட்டியா என்று பாருங்கள். கிங்ஸ் கவுன்ட்டி இப்போது ஆஃபலி, குயின்ஸ் கவுன்ட்டி இப்போது லீஷ். குயின்ஸ்டவுன் என்று இருந்தால் அது கார்க் கவுன்ட்டியின் கோவ் துறைமுகம். அது உங்கள் ஆளின் சொந்த ஊர் இல்லாமல் வெறுமனே கப்பல் ஏறிய இடமாகவும் இருக்கலாம். அடுத்து எழுத்துக்கூட்டல். ஐரிஷ் பேசுகிறவர் சொன்னதை நியூயார்க் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் வாய்விட்டுப் படித்துப் பார்த்து அந்த ஓசைக்குக் கிட்ட வருகிற பெயர்களை 'லோகென்ம்' (Logainm) என்ற அரசு இடப்பெயர்த் தளத்தில் போட்டுத் தேடுங்கள். ஒரே பெயரில் பல கவுன்ட்டிகளில் டவுன்லேண்ட் இருக்கும், முதலில் வந்ததைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

கிடைத்ததும் அது எந்தக் கத்தோலிக்கப் பங்கு, எந்த சிவில் பாரிஷ், எந்தப் பதிவு மாவட்டம் (அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான பகுதி) என்று மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கப் பங்கின் எல்லையும் நில ஆவணங்களில் வரும் சிவில் பாரிஷின் எல்லையும் ஒன்றில்லை, பெயரும் மாறும். பதிவு மாவட்டம் பக்கத்துக் கவுன்ட்டிக்குள் கூட நீளும். பாதிப் பேர் தப்பான பங்கின் பதிவேட்டைப் புரட்டிவிட்டு ஆள் இல்லை என்று சொல்வது இதனால்தான்.

"1922 தீயில் எல்லாம் போய்விட்டதாமே?"

எல்லாம் போகவில்லை. 1922 ஜூன் 30இல், உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த ஆவணக் காப்பகம் எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகள் சில துண்டுகள் தவிர அதில் போயின. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே முன்பு அழித்துவிட்டது, 1881ஐயும் 1891ஐயும் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கிவிட்டார்கள். இதில் தீயைக் குறை சொல்லி என்ன பயன். உயிலும், அங்கே ஒப்படைத்திருந்த சர்ச் ஆஃப் அயர்லாந்து (புராட்டஸ்டன்ட் சபை) பதிவேடுகளும் தீயில் போயின.

ஆனால் கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்துக்குப் போகவே இல்லை, அந்தந்தக் கோயிலிலேயே இருந்தன. அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவும் வேறு இடத்தில் இருந்தது. 1864 முதல் எல்லாருக்கும், 1845 ஏப்ரல் முதல் கத்தோலிக்கர் அல்லாதவர் கல்யாணங்களுக்கும் உண்டு. 'ஐரிஷ் ஜீனியாலஜி' என்ற அரசுத் தளத்தில் 100 வருஷம் தாண்டிய பிறப்பு, 75 தாண்டிய கல்யாணம், 50 தாண்டிய இறப்பு ஆகியவை இலவசம். 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுதாக தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இருக்கின்றன, அவையும் இலவசம். எரிந்தவற்றின் நகல்களை உலகெங்கும் தேடிச் சேர்த்து 2022இல் தொடங்கிய மெய்நிகர் ஆவணக் கருவூலத்தையும் ஒரு கை பாருங்கள்.

1911 படிவத்தை ஊரை விட்டுப் போனவர்களுக்கு உதவாது என்று ஒதுக்க வேண்டாம். கல்யாணமாகி எத்தனை வருஷம், எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது என்று அதில் கேட்டார்கள். பத்துப் பிறந்து எட்டு உயிரோடு, வீட்டிலோ இரண்டே பேர் என்றால் மற்ற ஆறு பேர் எங்கே? பாஸ்டனில் உங்கள் பாட்டியோடு கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்க இது ஒரு நல்ல சோதனை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. 1909 ஜனவரி முதல் 70 வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் வந்தது, வாரம் 5 ஷில்லிங். பிறப்புச் சான்று யாரிடமும் இல்லை, ஏனென்றால் பதிவே 1864இல்தான் தொடங்கியது. அதனால் அப்போது இன்னும் எரியாமல் இருந்த 1841, 1851 கணக்கெடுப்புகளில் தேடித் தரச் சொல்லி விண்ணப்பித்தார்கள். பச்சை நிறப் படிவம்: என் அப்பா இன்னார், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் இது, அந்த வருஷம் இந்த டவுன்லேண்டில் இருந்தோம். குமாஸ்தா போய்ப் பார்த்துக் கிடைத்ததை அந்தப் படிவத்திலேயே குறித்தார், சிலவற்றில் வீட்டிலிருந்த எல்லார் பெயரையும் வயதையும். கணக்கெடுப்பு எரிந்தது, படிவங்கள் பிழைத்தன, இணையத்திலும் இருக்கின்றன. கப்பல் ஏறிய உங்கள் ஆளுக்கு ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு தங்கை இருந்து, அவள் எழுபது வயது வரை வாழ்ந்திருந்தால், பஞ்சத்துக்கு முந்தைய குடும்பம் மொத்தமும் ஒரே தாளில் வந்துவிடும்.

"வயது எங்கேயும் ஒத்துவரவில்லை"

ஒத்துவந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். 1901இல் 54 என்று சொன்னவர் 1911இல் 70 என்பார், காரணம் மேலே சொன்ன அந்த 5 ஷில்லிங். புலம்பெயர்ந்தவர்களோ எதிர்த்திசையில் பொய் சொல்வார்கள், வேலைக்கும் கல்யாணத்துக்கும் இளமை தேவை. ஐந்து வருஷம் முன்னே பின்னே என்று வைத்துக்கொண்டு தேடுங்கள், பத்தானாலும் தப்பில்லை.

பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே ஞானஸ்நானம் ஆகியிருக்கிறதா? அதுவும் சகஜம். பிறப்பைத் தாமதமாகப் பதிந்தால் அபராதம், அதனால் அப்பா பதிவாளரிடம் தேதியைத் தள்ளிச் சொன்னார். பாதிரியாரிடம் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை, குழந்தையைச் சில நாளிலேயே கொண்டுபோய்விடுவார்கள். இரண்டில் கோயில் தேதியை நம்புங்கள்.

"ஒரே பெயரில் ஏழு பேர்"

இங்கே அவசரப்பட்டால் எவ்வளவு தூரம் வழிதவறலாம் என்பதற்கு ஆனி மூரைச் சொல்ல வேண்டும். எல்லிஸ் தீவு திறந்த அன்று முதலில் இறங்கிய கார்க் பெண், இரண்டு தம்பிகளோடு வந்தவள், தங்கக் காசு கொடுத்து வரவேற்றார்கள். அவள் பிறகு டெக்ஸாஸ் போய் அங்கே ஒரு விபத்தில் இறந்தாள் என்று பல காலம் எல்லாரும் எழுதினார்கள், அந்தக் குடும்பத்தை விழாக்களுக்கும் அழைத்தார்கள். 2006இல் வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக் நோண்டியபோது, டெக்ஸாஸ் ஆனி பிறந்ததே இல்லினாயில் என்று தெரிந்தது. அசல் ஆனி நியூயார்க்கை விட்டு எங்கும் போகவில்லை, லோயர் ஈஸ்ட் சைடிலேயே வாழ்ந்து 1924இல் இறந்தாள். முடிச்சை அவிழ்க்க உதவியது தம்பி ஃபிலிப்பின் குடியுரிமைப் பத்திரம். ஆனி மூர் என்ற பெயரில் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருப்பார்கள், அந்தோணி, ஃபிலிப் என்று இரண்டு தம்பிகளோடு இருப்பவள் ஒருத்திதான்.

நீங்களும் அதையே செய்யுங்கள். தனி ஆளைத் தேடாமல் கூட்டத்தைத் தேடுங்கள்: கூடப் பிறந்தவர்கள், கல்யாணச் சாட்சிகள், பிள்ளைகளின் ஞானப் பெற்றோர், அமெரிக்காவில் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள். ஒரு டவுன்லேண்டிலிருந்து வந்தவர்கள் ஒரே தெருவில் போய்க் குடியிருப்பது வழக்கம்.

ஊரில் இருந்தவர்களைப் பிரிக்க கிரிஃபித் மதிப்பீடு என்ற நில வரி மதிப்பீட்டுப் பட்டியல் உதவும். 1847க்கும் 1864க்கும் இடையில் கவுன்ட்டி கவுன்ட்டியாக வெளியானது, யார் எந்த நிலத்தில் குடியிருந்தார், யாரிடமிருந்து குத்தகைக்கு எடுத்துக் குடியிருந்தார் என்று காட்டும். குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், பெண்டாட்டி பிள்ளைகள் கிடையாது. ஆனால் ஒரே டவுன்லேண்டில் இரண்டு பாட்ரிக் மர்ஃபி இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயரையோ பட்டப்பெயரையோ அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள்: பாட்ரிக் மர்ஃபி (ஜேம்ஸ்), பாட்ரிக் மர்ஃபி (சிவப்பு). அந்த ஜேம்ஸ் பெரும்பாலும் பாட்ரிக்கின் அப்பா பெயர், விட்டுவிடாதீர்கள். இதன் தொடர்ச்சியாக மதிப்பீட்டு அலுவலகம் வைத்திருந்த திருத்தப் புத்தகங்களில் குடியிருப்பவர் மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்து, வேறு நிற மையில் புதுப் பெயர் எழுதினார்கள். அடித்த வருஷத்தை ஒட்டி அவர் செத்திருப்பார் அல்லது கப்பல் ஏறியிருப்பார். வட அயர்லாந்துக்கான புத்தகங்கள் பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இருக்கின்றன, மற்றவற்றை டப்ளினில் கேட்க வேண்டும்.

"பங்குப் பதிவேடு படிக்கவே முடியவில்லை"

தேசிய நூலகம் 2015இல் கத்தோலிக்கப் பதிவேடுகளை, ஏறக்குறைய 1880 வரை, இணையத்தில் இலவசமாகப் போட்டது. எல்லாம் பழைய மைக்ரோஃபிலிம், மெழுகுவர்த்திச் சொட்டும் ஈரக்கறையும் சேர்ந்தே வரும். பெயர்கள் லத்தீனில் இருந்தால் ஜேம்ஸ் யாக்கோபுஸ் ஆகியிருப்பார், வில்லியம் குலியெல்முஸ். பிரிஜெட் என்று ஞானஸ்நானம் வாங்கியவள் அமெரிக்காவில் டீலியா என்று வாழ்ந்திருப்பாள், ஹொனோரா நோராவாக, ஜெரமையா டார்பியாக. 'ஓ'வும் 'மெக்'கும் வரும் போகும், இரண்டு விதமாகவும் தேடுங்கள். நல்ல விஷயம், இந்தப் பதிவுகளில் பெரும்பாலும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும்.

ஆள் கத்தோலிக்கர்தானா என்றும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். ஒபாமாவின் ஐரிஷ் முன்னோர் ஃபால்மத் கெர்னி, செருப்புத் தைப்பவரின் மகன், 1850இல் மனிகால் என்ற ஐரிஷ் கிராமத்திலிருந்து கிளம்பியவர். அவர் குடும்பத்தின் தடயம் கிடைத்தது சர்ச் ஆஃப் அயர்லாந்து பதிவேட்டில்.

"எங்கள் ஆள் அமெரிக்கா போகவில்லை, மெட்ராஸுக்கு வந்தார்"

பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் திருச்சி பொன்மலையிலும் ஐரிஷ் பெயரோடு இருக்கும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கே வாருங்கள். உங்களுக்குக் கப்பல் பட்டியலைவிட ராணுவப் பதிவுதான் முக்கியம். கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைப் படைகளில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படைதான் 1881இல் பம்பாய்ப் படையோடு சேர்க்கப்பட்டு ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆனது. மெட்ராஸ் மாகாணக் கோயில்களில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இவற்றின் நகல்கள் லண்டனுக்குப் போயின. பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில் அவை இருக்கின்றன. அதில் படைப்பிரிவின் பெயரைப் பிடித்துக்கொண்டு, பிரிட்டிஷ் ராணுவத்தவர் என்றால் லண்டனில் க்யூ என்ற இடத்திலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 97 என்ற ஓய்வூதியக் கட்டுக்குப் போங்கள். எந்தப் பாரிஷில், எந்த ஊருக்குப் பக்கத்தில், எந்தக் கவுன்ட்டியில் பிறந்தார் என்று படிவமே கேட்கும். பாஸ்டன்காரர்கள் வருஷக்கணக்கில் தேடுவது உங்களுக்கு ஒரே தாளில் வந்துவிடும். தாய் வழியில்தான் சிரமம். இந்தியப் பெண்ணாக இருந்தால் பதிவேட்டில் பெயர் விட்டுப்போயிருக்கும், அல்லது ஞானஸ்நானத்தில் வைத்த மேரியோ அன்னாவோ மட்டும் இருக்கும்.

"டிஎன்ஏ பார்த்தும் ஒன்றும் புரியவில்லை"

உங்களுக்குப் பதில் வீட்டில் மூத்தவர் யாரோ அவருக்குப் பாருங்கள், ஒரு தலைமுறை மிச்சம். அப்புறம் அக்கம்பக்கத்து டவுன்லேண்டுக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுத்த இடங்களில், டிஎன்ஏ கம்பெனி காட்டும் உறவு உண்மையைவிட நெருக்கமாகத் தெரியும். பொருந்திய ஆளின் குடும்ப மரத்தில் டவுன்லேண்ட் பெயர் இல்லை என்றால் அந்தப் பொருத்தத்தால் பெரிய உபயோகம் இல்லை.

"எல்லாம் கிடைத்தது, 1800க்கு மேலே போகவில்லை"

குத்தகை விவசாயிக் குடும்பம் என்றால் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும், இதற்கு மருந்து கிடையாது. மேற்குக் கவுன்ட்டிகளில் பல பங்குகளின் பதிவேடே 1820க்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1823 முதல் 1837 வரை எழுதப்பட்ட தசமபாக வரி (சர்ச்சுக்காக வாங்கிய வரி) புத்தகத்தில் தாத்தாவின் பெயர் ஒரு வரி கிடைக்கலாம். நிலமோ கடையோ வைத்திருந்தவர் என்றால் டப்ளின் ஹென்ரியட்டா தெருவில் 1708 முதலான பத்திரப் பதிவகம் இருக்கிறது, அது எரியவில்லை. அதற்கும் மேலே கொண்டுபோகிறேன், ராஜ வம்சம் வரைக்கும் காட்டுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஃப்ரேம் போட்டு விற்கும் குடும்பப் பெயர்க் கேடயச் சின்னமும் அப்படித்தான், சின்னம் தனி ஆளுக்குக் கொடுக்கப்பட்டதே தவிர அந்தக் குடும்பப் பெயர் வைத்திருக்கிற எல்லாருக்கும் சொந்தமில்லை.